பதினான்காம் நம்பர் கல்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எந்த இடத்தில் ‘ல’, எந்த இடத்தில் ‘ள’ என்று இன்றும் எனக்கு நிச்சயம் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அச்சுக்குக் கொடுக்கிறவர்கள் எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்ளலாம். விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம்.

என் பெயர் செல்லப்பன். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் புவியியல் துறையில் லேப் அட்டெண்டர். பத்தொன்பது வருடம் ஆகிறது. துறையின் பழைய மாணவர் மலருக்கு லேப் வேலையைப் பற்றி எழுதச் சொல்லி ரெஜினா மேடம் ஒரு நோட்டு தந்தார். இயற்கைப் புவியியல் பாடம் நடத்துகிறவர் அவர். நோட்டு நாலு மாதம் எழுதாமலே கிடந்தது.

1. சாவி

லேப் வேலைக்கு வருமுன் கல்லூரித் தோட்டத்தில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். பழைய அட்டெண்டர் வேறு வேலை கிடைத்துத் திடீரென்று போய்விட்டதால் நிர்வாகம் என்னை மாடிக்கு அனுப்பியது. அப்போதிருந்த துறைத்தலைவர் அலமாரிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இங்கிலீசு வாசிக்கத் தெரியுமா ஓய்?”

“நம்பர் தெரியும் சாரே.”

“அது போரும். கல்லுக்க மேல நம்பர் ஒட்டியிருக்கு. தட்டுலயும் அதே நம்பர் எழுதியிருக்கு. எடுத்த இடத்தில வைக்கணும். கல்லைப் பாக்காதீரும், நம்பரைப் பாரும். அவ்வளவுதான் உமக்க வேலை.”

மொத்தம் இருபது கற்கள். எல்லாம் உள்ளங்கை அளவு. அவர் சொன்னபடி நம்பரைத்தான் பார்த்தேன். ஆனாலும் தினமும் தூசி தட்டும்போது கை கல்லைத்தானே தொடுகிறது? ஒரு வருடத்தில், கண்ணை மூடிக்கொண்டு கனத்தை வைத்தே நம்பர் சொல்ல முடிந்தது. சொல்லிக் காட்ட ஆள்தான் இல்லை. மற்றத் துறை அட்டெண்டர்கள் கீழே மாடிப்படிக்கு அடியில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சிரிப்புச் சத்தம் மேலே வரும். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. நான் கல் அலமாரி அறையிலேயே டிபன் பாக்ஸைத் திறந்துகொள்வேன். சுசீந்திரத்தில் வீட்டிலும் நான் மட்டும்தான். சில நாள் காலையில் பஸ்ஸில் டிக்கெட் கேட்ட பிறகு, சாயங்காலம் திரும்ப டிக்கெட் கேட்கும்வரை என் குரலை நானே கேட்டிருக்க மாட்டேன்.

வகுப்பு நடக்கும்போது கதவோரம் ஒரு ஸ்டூலில் இருப்பேன். வருடா வருடம் அதே பாடம். நகத்தால் கீறு, ஆணியால் கீறு, கண்ணாடியில் கீறிப் பார். கண்ணாடியைக் கீறினால் அது குவார்ட்ஸ் போல உறுதியான கல். ஆசிட் விட்டு நுரைத்தால் அது மார்பிள் போலச் சுண்ணாம்பு வகை. கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். ஆனால் ஆசிட் சோதனை கரும்பலகையில் படமாகத்தான் நடக்கும். ஒருமுறை ஆசிட் குப்பி கசிந்து அலமாரித் தட்டைத் தின்றுவிட்டது. அதன்பிறகு குப்பியை வேதியியல் துறைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

2. மணி

செய்முறைத் தேர்வில் ‘ஸ்பாட்டர்’ என்று ஒன்று உண்டு. நீள மேசையில் கண்ணாடி விரித்து, பஞ்சு வைத்து, பஞ்சின் மேல் ஐந்து கற்களை வைப்பேன். மாணவர்கள் ஒரு கல்லுக்கு ஒரு நிமிடம் நிற்கலாம். அதற்குள் கல்லின் பெயரையும் அதற்கான காரணத்தையும் எழுத வேண்டும். நிமிடம் முடிந்ததும் நான் மணி அடிப்பேன். எல்லோரும் ஒரு கல் தள்ளி நிற்பார்கள்.

‘தொட்டுப் பார்க்கலாம்’ என்று போர்டில் எழுதியிருக்கும். யாரும் தொட மாட்டார்கள். அதன் காரணம் தேர்வுக்கு முந்தின நாள் படிக்கட்டில் கேட்கும்.

“மூக்கு ஒடைஞ்ச கல்லு எதுடே?”

“நைஸ் பாறை.”

“கருவாடு அடுக்கினது மாதிரி இருக்கது?”

“அது சிஸ்ட். வெள்ளையா ஒண்ணே ஒண்ணு இருக்கும், பதினாலாம் நம்பர். மார்பிள். கண்ணை மூடிக்கிட்டு எழுது மக்கா.”

கற்கள் மாறுவதில்லை. அதனால் குறிப்பும் மாறுவதில்லை. ஒரு வருடத்தார் அடுத்த வருடத்தாருக்குக் கொடுத்துப் போனார்கள். முதலில் வாய்ப்பேச்சாக, பிறகு ஜெராக்ஸாக, கடைசியில் வாட்ஸப்பில். ஸ்பாட்டரில் எல்லோரும் நல்ல மார்க். துறைக் கூட்டத்தில் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள் என்று நானும் நினைத்தேன்.

3. மைக்கறை

நான் சேர்ந்து ஏழாவது வருடம், கல்லூரிக்குத் தர மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்றார்கள். சுவருக்கெல்லாம் வெள்ளை அடித்தார்கள். முந்தின நாள் நான் கற்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பதினான்காம் நம்பரில், வெள்ளை மார்பிள் கல்லில், யாரோ மைப்பேனாவை உதறிய கறை. சோப்பு போட்டேன், போகவில்லை. பாத்ரூம் கழுவுகிற ஆசிட் எல்லாக் கறையையும் எடுக்குமே என்று தோன்றியது. ஒரு பிளாஸ்டிக் கப்பில் கல்லைப் போட்டு, மூழ்குகிறவரைக்கும் ஊற்றினேன். சோடா போலச் சீறி நுரைத்தது. கறை போகிறது என்று சந்தோஷப்பட்டேன். அந்த நேரம் பார்த்து நாற்காலி சுமக்கக் கூப்பிட்டார்கள். போய்விட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி பாதிக் கல் கிடந்தது. மேலெல்லாம் அம்மைத் தழும்பு.

ஆசிட் விட்டு நுரைத்தால் சுண்ணாம்பு வகை என்பது அப்போதுதான் எனக்கு உண்மையாகவே தெரிந்தது. ஏழு வருடம் கேட்ட பாடம், கேட்டபோது மண்டையில் ஏறவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. தோட்டத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயம். பாதிக் கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய் பழையாற்றில் எறிந்தேன். மறுநாள் காலை, கல்லூரி மதிலுக்கு வெளியே ரோட்டு வேலைக்குக் கொட்டியிருந்த குவியலில் வெள்ளையாக ஒரு கல்லைத் தேடி எடுத்தேன். அளவு சரியாக இருந்தது. கழுவித் துடைத்து, பதினாலு என்று எழுதி ஒட்டினேன்.

குழுவில் வந்த பெரியவர் ஒருவர் நேராக அதையே கையில் எடுத்தார். அவர் அதைத் திருப்பிப் பார்த்து, “மார்பிள். குட் ஸ்பெசிமன்” என்றார். துறைத்தலைவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவ்வளவு பெரிய ஆளே சொன்ன பிறகு, அதுவும் மார்பிளாகத்தான் இருக்கும் என்று பல நாள் நான் நம்பக்கூடச் செய்தேன். அப்படியே பதினோரு வருடம் போயிற்று. துறைத்தலைவர் ஓய்வு பெற்றார். ரெஜினா மேடம் வந்தார். தினமும் வாசலில் நின்று, “செல்லப்பண்ணே, சாப்பிட்டியளா?” என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். கல்லூரியில் என்னிடம் அப்படிக் கேட்கிறவர் அவர் ஒருவர்தான்.

4. அரக்கு

போன வருடச் செய்முறைத் தேர்வு. இருபத்தெட்டுப் பேர். வெளித்தேர்வாளர் மதுரைப் பக்கத்துக்காரர். ஐந்து கற்களில் ஒன்றாகப் பதினான்கையும் வைக்கச் சொன்னார். வைத்தேன். மணி அடித்தேன்.

நடுவில் ‘கிரீச்’ என்று ஒரு சத்தம். ஷைனி என்ற பெண் பதினான்காம் நம்பரைக் கையில் எடுத்து, மேசைக் கண்ணாடியின் ஓரத்தில் அழுத்தி இழுத்திருந்தாள். முட்டம் பக்கத்துக் கடற்கரைக்காரி.

“ஏட்டி, என்ன செய்யுத? கண்ணாடி போச்சே!” என்றார் ரெஜினா மேடம்.

“தொட்டுப் பாக்கலாம்ணு எழுதியிருக்கே மேடம்.”

“தொட்டுப் பாக்கத்தான் சொன்னோம், மேசையை உழச் சொல்லலை” என்றார் வெளித்தேர்வாளர். எல்லோரும் சிரித்தார்கள். நான் மணி அடித்தேன். அவள் அடுத்த கல்லுக்கு நகர்ந்தாள்.

கண்ணாடியில் சுண்டுவிரல் நீளத்துக்கு வெள்ளைக் கோடு. விரலால் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை.

மூன்றரை மணிக்கு மார்க் போட உட்கார்ந்தார்கள். வெளித்தேர்வாளர் வாசிக்க, மேடம் எழுத, நான் மெழுகுவத்தி ஏற்றி அரக்கை உருக்கிக்கொண்டிருந்தேன். மார்க் தாளைக் கவரில் போட்டு அரக்கு முத்திரை வைத்துவிட்டால் பிறகு யாரும் மாற்ற முடியாது. பாஸுக்கு இருபத்துநாலு வேண்டும்.

“ஷைனி, இருபத்திரண்டு. ஃபெயில்.”

மேடம் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துக்கொண்டார். “சார், ரெண்டு மார்க்குதான். அவளுக்க அப்பாவுக்கு வள்ளத்தில வச்சு இடுப்பு ஒடிஞ்சு போச்சு. சாயங்காலம் கோட்டாறில ஒரு ஜவுளிக்கடையில நிக்கா. அதான் ரெக்கார்டு நோட்டு முடிக்க முடியல்ல. இதில போனா இனி அடுத்த வருசம்தான் எழுத முடியும். பி.எட். போகணும்ணு இருக்கா.”

“எனக்கும் பாவமாத்தான் இருக்கு மேடம். ஆனா பாருங்க, சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுற மார்பிளை குவார்ட்ஸ்னு எழுதிருக்கு. இருபத்தேழு பேரு சரியா எழுதிருக்கான், இது ஒண்ணுதான் தப்பு. அதுக்கு மூணு மார்க்கு போச்சு. நான் எப்படிக் கண்ணை மூடிக்கிட்டுப் போட முடியும்?”

மேடம் இருபத்திரண்டு என்று எழுதினார். கவரை என் பக்கம் தள்ளினார்.

அரக்குக் குச்சியைச் சுடரில் பிடித்தேன். உருகி ஒரு சொட்டு மேசையில் விழுந்தது. கவரில் விழவில்லை.

“என்னப்பா, சீக்கிரம். எனக்கு அஞ்சு மணி பஸ்ஸு.”

“சாரே, அந்தக் கல்லு நான் வச்சதாக்கும்.”

“நீதானே வைக்கணும். அதுக்கென்ன?”

“இல்ல சாரே. மாத்தி வச்சது. ரோட்டில கெடந்த கல்லு.”

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்கு முன் அவர் பார்த்து அறியாத ஆளைப் பார்ப்பது போல இருந்தது. “என்ன சொல்லுதீங்க? எப்போ?”

சொன்னேன். ஆசிட், நாற்காலி, பழையாறு எல்லாம் சொன்னேன். பதினோரு வருடத்தில் ஒரே மூச்சில் நான் பேசிய பெரிய பேச்சு அதுதான். மேடம் எழுந்து போய் பாத்ரூம் ஆசிட்டை அவரே கொண்டுவந்தார். ஒன்பதாம் நம்பரான சுண்ணாம்புக் கல்லில் ஒரு சொட்டு விட்டார். நுரைத்தது. பதினான்கில் விட்டார். தண்ணீர் விட்டது போல வழிந்து இறங்கியது.

“ஆறு வருசமா நானே மார்பிள்னு காட்டியிருக்கேன்” என்றார். என்னிடம் சொல்லவில்லை, கல்லைப் பார்த்துச் சொன்னார்.

வெளித்தேர்வாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். “சரி, இப்ப என்ன செய்யிறது? அந்தப் பொண்ணு சரின்னா இருபத்தேழு பேரும் தப்பு. அதுல நாலு பேரு பாஸ் மார்க்குல தொங்கிக்கிட்டு நிக்கிறான்.”

“பிள்ளைகளுக்க தப்பு இல்ல சார். நாங்க சொல்லிக் குடுத்ததைத்தானே எழுதியிருக்கு.”

“அப்ப ரெண்டு விடைக்கும் மார்க்கு போடுங்க. குறிப்பு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம்.” பிறகு என்னைப் பார்த்து, “பதினோரு வருஷம் எப்படிய்யா தூங்குன?” என்றார்.

நன்றாகத்தான் தூங்கியிருந்தேன்.

ஷைனிக்கு இருபத்தைந்து. அரக்கு வைத்தேன். இந்த முறை சரியாக விழுந்தது.

5. அதன் பிறகு

முதல்வர் ஒரு மெமோ தந்தார். விளக்கம் எழுதிக் கொடுத்தேன். வேலை போகவில்லை. ஆனால் விஷயம் வெளியே போய்விட்டது. வராந்தாவில் நடந்தால் மாணவர்கள், “மார்பிளண்ணே, ரோட்டுக் கல்லை வச்சுட்டு எங்களுக்கு டிகிரி குடுத்தீராக்கும்!” என்று கூவுவார்கள். அது போகட்டும். ரெஜினா மேடம் வாசலில் நிற்பதை விட்டுவிட்டார். கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலைக்கு வேண்டியதை மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். முதல் மூன்று மாதம் டிபன் பாக்ஸைத் திறக்கவே பிடிக்கவில்லை. சில நாள் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

ஷைனி சான்றிதழ் வாங்க வந்தபோது லேப் வாசலில் தயங்கி நின்றாள்.

“அண்ணே, அந்தக் கண்ணாடிக்கு ஃபைன் கேப்பாங்களா?”

“அதெல்லாம் ஒண்ணும் கேக்க மாட்டாங்க மக்களே. நீ எதுக்கு அண்ணைக்கு அதைக் கீறுன? மத்தவங்க யாரும் தொடல்லியே.”

“எல்லாருக்கும் வாட்ஸப்பில குறிப்பு வந்துச்சாம். நான் கிளாசுக்கு ஒழுங்கா வராதவள்லா, என்னை அந்தக் குரூப்பில சேக்கல்ல. எனக்கு எந்தக் கல்லு எதுண்ணே தெரியாது. அதான் பொஸ்தகத்தில உள்ளபடி செஞ்சு பாத்தேன்.”

அவள் எப்படிப் பாஸானாள் என்பதை நான் சொல்லவில்லை. அவளுக்கும் கேட்கத் தோன்றவில்லை. “வாறேன் அண்ணே” என்று போய்விட்டாள்.

அடுத்த கல்வியாண்டு தொடங்கியபோது மேடம் என்னைக் கூப்பிட்டார். “கல்லில் இருக்க நம்பரையெல்லாம் உரிச்சிருங்க. ஒவ்வொரு வகைக்கும் நாலஞ்சு கல்லு வேணும். ஒண்ணு போல ஒண்ணு இருக்கப்பிடாது. கொண்டு வந்தா நான் சோதிச்சுச் சொல்லுகேன்.” ஞாயிற்றுக்கிழமைகளில் தோவாளை மலையடிவாரத்திலும் கடற்கரையிலும் அலைந்து சாக்கில் கொண்டுவந்தேன். இப்போது ஸ்பாட்டர் மேசையில் கல்லோடு ஓர் ஆணி, ஒரு கண்ணாடித் துண்டு, தண்ணீர் கலந்த ஆசிட் குப்பி இருக்கும். ஒரு கல்லுக்கு ஐந்து நிமிடம். மார்க் முன்பைவிடக் குறைவு. “இதாக்கும் உண்மையான மார்க்கு” என்று மேடம் துறைக் கூட்டத்தில் சொன்னார். அன்று கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, “சாப்பிட்டியளா?” என்று கேட்டார். சாப்பிடவில்லை. ஆனாலும் சாப்பிட்டேன் என்றேன்.

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். போன வாரம் கோட்டாறு மார்க்கெட்டில் ஒரு பழைய மாணவியைப் பார்த்தேன். ஒரு பள்ளியில் டீச்சராக இருக்கிறார். என்னை அடையாளம் கண்டு அவராகவே வந்து பேசினார்.

“அண்ணே, நம்ம பதினாலாம் நம்பரு மாதிரியே ஒரு வெள்ளைக் கல்லு ஆரல்வாய்மொழி மலையடியில கெடச்சுது. அதை ஸ்கூல்ல வச்சு, மார்பிள்னா இதுதாண்ணு பிள்ளைகளுக்குக் காட்டுகேன்.”

கையில் மீன் பையோடு நின்றேன். சொல்ல வேண்டும் என்று வாய்வரை வந்தது. சுற்றிலும் ஆள். அவர் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார். “நல்லது மக்களே” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட்டேன். வருடத்துக்கு இருபத்தெட்டு என்றால் பதினோரு வருடத்துக்கு முந்நூறு பேருக்கு மேல். அவர்களில் எத்தனை பேர் டீச்சரோ, எத்தனை பிள்ளைகளுக்குச் சொன்னார்களோ, எனக்குத் தெரியாது. கல் கரைந்த அன்றே சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். லேப் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்: உடைந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அந்த வருடங்களில் என் மணிச் சத்தத்துக்கு நகர்ந்து நகர்ந்து எழுதிப் போனவர்கள் இந்த மலரை வாசிப்பீர்கள் என்று மேடம் சொன்னார். நேரில் உங்களிடம் சொல்ல எனக்குத் தைரியம் வராது. நீங்கள் பார்த்த பதினான்காம் நம்பர் மார்பிள் இல்லை. அது குவார்ட்ஸ், ரோட்டோரத்தில் நான் பொறுக்கியது. வாங்கிய மார்க்கை யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். உங்கள் வகுப்பில் அப்படி ஒரு வெள்ளைக் கல் இருந்தால் மட்டும், அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்துக் கண்ணாடியில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். கோடு விழுந்தால் பெயரை மாற்றி எழுதிவிடுங்கள். யார் தப்பு என்று பிள்ளைகள் கேட்டால், என் பெயரைச் சொல்லலாம்.

சுசீந்திரத்தில் வீட்டில் இருந்து இதை எழுதி முடித்தது 2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை.